கொள்ளைநோயும் கல்வியும்: மாணாக்கர் எண்ணாய்வுகள் பற்றிய ஒரு திறனாய்வு

கோவிட் கொள்ளைநோயாற் கல்வி எய்திய கேட்டினை எண்கொண்டு ஆராய்தல், பல்கலைக்கழக மாணாக்கர் விரும்பி மேற்கொள்ளும் பயிற்சிகளுள் ஒன்றாகிவிட்டது. வேண்டிய தரவுகள் யாவர்க்கும் எளிதிற் கிடைப்பன. கணினியோ வரைபுகளை நொடியில் வரைந்து தருவது. பொருளோ ஒவ்வொரு குடும்பமும் நேரிற் பட்டறிந்தது. 2020 ஏப்ரலில் 190 இற்கு மேற்பட்ட நாடுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டு, ஏறத்தாழ 160 கோடி மாணவர் வீட்டிலிருந்தனர் என்னும் யுனெஸ்கோவின் கணக்கை முகப்பில் வைத்துத் தொடங்காத ஆய்வு அரிது. இவ்வாய்வுகளின் பின்னுள்ள உழைப்பு பாராட்டற்பாலதே. ஆயினும் எண்களைத் திரட்டுதல் வேறு, அவற்றின் பொருள் காணுதல் வேறு.

மாணாக்கர் பெரிதும் நாடும் ஊற்று, ஐக்கிய அமெரிக்காவின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடாகும். நாடு முழுவதிலுமிருந்து மாதிரியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட மாணவரைப் பல்லாண்டுகளாக ஒரே அளவுத்திட்டத்தில் அது அளந்து வருகின்றது. எட்டாம் வகுப்பினரின் கணித இடை 2019 இல் 282. 2022 இல் 274. இரு சலாகைகளை அருகருகே நிறுத்தி, வேறுபாடாகிய எட்டுப் புள்ளிகளும் நோயின் விளைவே என எழுதிவிடுகின்றனர். இரண்டே புள்ளிகளைக்கொண்டு ஒரு போக்கினைத் துணிவது எங்ஙனம்? அதே மதிப்பீட்டில் அதே வகுப்பினரின் வாசிப்பு இடையை நோக்குக. 2017 இல் 267. 2019 இல் 263. 2022 இல் 260. நோய் தோன்றுமுன் ஈராண்டில் வீழ்ந்தவை நான்கு புள்ளிகள். நோய்க்காலத்தை உள்ளடக்கிய மூவாண்டில் வீழ்ந்தவை மூன்று. காய்ச்சல் வருமுன்னரே மெலியத் தொடங்கியவனின் மெலிவையெல்லாம் காய்ச்சலின் மேலேற்றுவது மருத்துவமாகாது. கணிதத்தின் நிலை அவ்வாறன்று. 2015 இல் 282, 2017 இல் 283, 2019 இல் 282 எனப் பெரிதும் அசையாது நின்ற கோடு, 2022 இலேயே சடுதியாக வீழ்ந்தது. எனவே கணிதத்திற் குற்றச்சாட்டு வலுவுடையது, வாசிப்பில் நொய்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் ‘கல்வி இழப்பு’ என்று பெயரிடும் ஆய்வு ஒன்றிற் குறைத்தும் மற்றொன்றில் மிகுத்தும் கூறியதாகவே முடியும்.

பாடசாலை மூடப்பட்ட நாள்களை ஓர் அச்சிலும் பெறுபேற்றின் வீழ்ச்சியை மற்றோர் அச்சிலும் இட்டு நாடுகளை ஒப்பிடுவோரும் உளர். அவர்கள் சுவீடனிடத்துச் சற்றே தயங்குதல் வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டோரின் பாடசாலைகளைப் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்த நாடு அது. எனினும் பதினைந்து வயதினரை அளக்கும் பீசா மதிப்பீட்டில் அதன் கணிதப் பெறுபேறு 2018 இல் 502 ஆயிருந்து 2022 இல் 482 ஆயிற்று. பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான நிறுவனத்து நாடுகளின் இடை அக்காலத்தில் வீழ்ந்தது ஏறத்தாழப் பதினைந்து புள்ளிகளே. இதனாற் பாடசாலையை மூடியமை தீங்கற்றது என்று முடிவு கட்டுதல் பேதைமை. கதவு திறந்திருந்த நாள்களை எண்ணுவதனாற் கற்ற நாள்கள் எண்ணப்பட்டுவிடா என்பதே இதனாற் பெறப்படுவது.

இவையனைத்தினும் பெருங்குறை, இடையோடு நின்றுவிடுதல். அமெரிக்காவில் ஒன்பது வயதினர்க்கான நீண்டகாலப் போக்கு மதிப்பீடு 2020 தை தொடங்கிப் பங்குனி வரை, பாடசாலைகள் மூடப்படுமுன், தற்செயலாக நடந்து முடிந்திருந்தது. 2022 இல் அதே மாதங்களில் மீண்டும் நடந்தது. ஆய்வாளர்க்கு இத்தகைய வாய்ப்பு எளிதிற் கிட்டுவதன்று. கணித இடை ஏழு புள்ளிகள் தாழ்ந்தது. ஆனால் அந்த ஏழு யாருடைய ஏழு? அடைவு வரிசையில் மேலிருந்து பத்து நூற்றுவீத எல்லையில் நின்றோர் இழந்தவை மூன்று. கீழிருந்து பத்து நூற்றுவீத எல்லையில் நின்றோர் இழந்தவை பன்னிரண்டு. வாசிப்பிலும் முறையே இரண்டும் பத்தும். முன்னரே பின்தங்கிய பிள்ளை இழந்ததை வசதியுடைய பிள்ளையோடு பங்கிட்டு மறைத்துவிடுகின்றது இடை. பரிகார வகுப்புகளும் நிதியும் எவர்க்குச் செல்லவேண்டும் என்பதை இவ்வெண்களைப் பார்த்துத் தீர்மானிக்கும் இடத்து, இம்மறைப்பு வெறுங் கணக்குப் பிழையன்று.

மாணாக்கர் தாமே தரவு திரட்டும் இடத்தும் இக்குறை வேறோர் உருவில் தோன்றும். இணையவழிக் கல்வி எவ்வாறிருந்தது என்னும் வினாக்கொத்தினை இணையவழியிலேயே அனுப்புகின்றனர்! விடையளிப்போர் இணைப்பும் கருவியும் உடையோர். ஆற்றின் ஆழத்தைக் கரையேறியவரிடம் மாத்திரம் கேட்டறிவது போன்றது இது.

இலங்கைப் பரீட்சைப் பெறுபேறுகளைக் கொண்டு இத்தகைய ஆய்வினைச் செய்ய முனைவோர்க்கு வேலை இன்னுங் கடினம். இங்கு ஆண்டுதோறும் வினாத்தாள் மாறும். பெறுபேறோ ஏ, பி, சி, எஸ் என்னும் தரங்களாக வெளிவரும். சித்தியெய்தியோர் தொகை உயர்ந்ததாயின், கற்றது மிகுந்ததோ வினா எளிதாயதோ என்பதை அத்தொகை உரையாது. காலமும் குழம்பியது. 2020 ஆம் ஆண்டுக்குரிய க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை 2021 பங்குனியிலும், 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 மாசியிலும் நடைபெற்றன. பாடசாலை நாள்களை இழந்த மாணவர் படிப்பதற்கு மேலதிக மாதங்களையும் பெற்றனர். ஆகவே வரைபின் கிடையச்சில் எந்த ஆண்டைக் குறிப்பது, அந்த மேலதிக மாதங்களை எப்பக்கத்திற் சேர்ப்பது என்பனவே முதற்கண் விடைகாண வேண்டிய வினாக்கள்.