எழுத்துச் சீர்திருத்தமும் இளஞ்சிறார் கல்வியும்
அருப்புக்கோட்டை வட்டாரச் சொற்களை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ் எழுத்துகளின் வடிவத்தைத் திருத்துதல் வேண்டும் என்றோர் தம் கொள்கைக்குக் காட்டிய ஏதுக்களுள் தலையாயது, இளஞ்சிறார் எளிதிற் படிக்கவும் எழுதவும் கற்பர் என்பதாகும். பெரியார் ஈ.வெ.ரா. 1935 முதல் 'குடி அரசு' இதழில் கையாண்ட சீர்திருத்த வடிவங்களுள் பதின்மூன்றினைத் தமிழ்நாட்டரசு 1978 அக்டோபரில் ஆணை பிறப்பித்து ஏற்றுக்கொண்டது. அன்று முதலமைச்சராயிருந்த எம்.ஜி. இராமச்சந்திரன் சட்டமன்றத்தில் அருப்புக்கோட்டைத் தொகுதியின் உறுப்பினராகவும் விளங்கினார். அருப்புக்கோட்டையும் அதனை அடுத்த திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. உழவர், நெசவாளர் இல்லங்களிலிருந்து முதற்றலைமுறையாக ஏடு தொட வரும் பிள்ளைக்கு அவ்வாணை எவ்விடத்துத் துணை செய்தது, எவ்விடத்துத் துணை செய்யாது நின்றது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

மாற்றமும் மரபும்

வரிவடிவ மாற்றம் மரபுக்கு முரணாகும் என்பாரும் உளர். அக்கூற்று வலியுடைத்தன்று. தொல்காப்பியர் எகர ஒகரங்களுக்குப் புள்ளி கூறினார். பிற்காலத்து வீரமாமுனிவர் குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமை தோன்ற அவ்விரண்டன் வடிவினையும் திருத்தினார். திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்துக் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் வட்டெழுத்தில் உள்ளன. பாண்டி நாட்டிற் பெருவழக்காயிருந்த அவ்வெழுத்துச் சோழர் ஆட்சிக்குப் பின்னர்ப் படிப்படியே வழக்கிறந்து, தமிழெழுத்து அவ்விடம் பெற்றது. வரிவடிவம் மாறியும் மொழி மாறிற்றில்லை. ஆதலின் வடிவத்தை மாற்றலாமோ என்பது வினாவன்று. மாற்றத்தால் விளைந்த பயன் யாது என்பதே வினா.

1978ஆம் ஆண்டின் ஆணை தொட்டவை ணா, றா, னா என்னும் மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசையில் ஆறும், ணை, லை, ளை, னை என்னும் நான்கும் ஆகப் பதின்மூன்று. முன்னையவற்றில் ஆகாரக் குறி எழுத்தோடு ஒட்டி வளைந்தும், பின்னையவற்றில் ஐகாரக் குறி யானைத் துதிக்கை போன்றும் இருந்தன. ஏனைய மெய்களுக்குரிய பொதுக்குறி இவற்றிற்கும் வந்தமையால் விதிவிலக்குகள் நீங்கின. தலை, இலை, பானை, திண்ணை என்பன சிறாரின் அன்றாடச் சொற்கள் ஆகலின், இப்பயன் சிறிதெனத் தள்ளத்தக்கதன்று.

உகர ஊகார வரிசை

எனினும் விதிவிலக்கு மிகுதியும் நிலைபெற்றிருக்கும் இடம் வேறு. பதினெட்டு மெய்களும் உகர ஊகாரங்களோடு கூடிய முப்பத்தாறு எழுத்துகளையும் அவ்வாணை தொடவில்லை. ஏனைய வரிசைகளில் குறி ஒன்றே. உகரத்திலோ குறி மூவகைப்படும். பு, வு, சு, யு என்பன கீழிறங்கும் கோடு பெறும். து, று, னு, லு என்பன கீழிறங்கி மேலேறும் சுழி பெறும். கு, டு, மு, ரு என்பன வளைந்து சூழும். ஊகாரத்தில் இவை மீண்டும் வேறுபடும்.

இனி இவ்வட்டாரப் பிள்ளையின் சொற்களை நோக்குவோமாக. கம்பு, வரகு, ஆடு, மாடு, கிணறு, சோறு, காது, வீடு, தறியிற் பூட்டும் பாவு ஆகிய அனைத்தும் உகரத்தில் முடிவன. நூல், பூ, கூரை என்பன ஊகாரம் உடையன. தமிழ்ச் சொல்லில் உகர ஈறு பெற்றுள்ள இடத்தினை நம் இலக்கணிகள் நன்குணர்ந்திருந்தனர். எழுத்ததிகாரத்தின் இறுதி இயல் முழுதும் குற்றியலுகரத்திற்கே ஒதுக்கப்பட்டமை காண்க. பிள்ளை தன் வாழ்வில் மிகுதியும் வழங்கும் சொற்களை எழுதப் புகுங்கால், விதி மிகுதியும் பிறழும் எழுத்துகளையே எதிர்ப்படுகின்றான். வா.செ. குழந்தைசாமி இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளுக்கும் தனிக்குறி வேண்டும் என்று வாதிட்டமை இவ்விடர் நோக்கியே ஆகும்.

ஆயின் அம்மாற்றம் அச்சேறிய நூல்கள் அனைத்தையும் அடுத்த தலைமுறைக்கு அயலாக்கும் அச்சமும் உண்டு. கற்பிக்கும் முறையால் தீரத்தக்கதனை வடிவ மாற்றத்தால் தீர்க்கப் புகுதல் வேண்டா என்பது எம் கருத்து. க, கா, கி, கீ என நெடுக ஒப்பிக்கும் பிள்ளை 'கு' என்பதனை வரிசையில் ஐந்தாம் இடத்தால் அறிவானேயன்றி வடிவால் அறியான். வரிசை கலைந்தவழித் தடுமாறுவான். கம்பு, பாவு என்பன ஒரு பாடமாகவும், காது, கிணறு என்பன ஒரு பாடமாகவும், வரகு, மாடு என்பன ஒரு பாடமாகவும் குறியின் இனம் நோக்கி வகுப்பின், முப்பத்தாறு எனத் தோன்றிய சுமை சில இனங்களாகக் குறையும்.

பெயரும் ஒலியும்

பிறிதோர் இடர் எழுத்தின் பெயரால் விளைவது. 'பானா, டானா, இம்மன்னா' என்று சொல்லும் பிள்ளைக்குப் 'படம்' என்னும் சொல் அவற்றினின்று பிறவாது. பெயர் வேறு, ஒலி வேறு. தொல்காப்பியர் காரம், கரம், கான் என்பவற்றை எழுத்தின் சாரியை என்றே வேறுபிரித்தார். மெய்யை இயக்குதற்கு அகரம் துணையாவதனையும் மொழிமரபிற் கூறினார். சாரியை எழுத்தைச் சுட்டுதற்கு உரியதன்றிச் சொல்லைப் படித்தற்கு உரியதன்று. இந்நுட்பம் பண்டை இலக்கணத்தில் இருந்தும் தொடக்க வகுப்பிற்கு இறங்கி வாராமை வருந்தத்தக்கது.

பேச்சும் எழுத்தும்

வடிவச் சீர்திருத்தம் எதனாலும் தீராத இடர் ஒன்றுண்டு. இவ்வட்டாரப் பேச்சில் 'காற்று' என்பது 'காத்து' எனவும், 'பழம்' என்பது 'பளம்' எனவும், 'வீட்டில்' என்பது 'வீட்டுல' எனவும் ஒலிக்கும். 'காத்து' என எழுதிய பிள்ளையும் 'கம்பு' என்பதனைக் 'கம்ப' என எழுதிய பிள்ளையும் பிழை செய்தோராகவே எண்ணப்படுவர். இருவர்தம் பிழையும் ஓரினம் அல்ல. முன்னவன் தான் கேட்ட ஒலிக்குரிய எழுத்தைத் தவறாது தேர்ந்தான். எழுத்தறிவு அவனுக்கு வாய்த்துவிட்டது. இனி அவன் அறியவேண்டுவது நூல்வழக்கு. பின்னவனுக்கோ உகரக்குறி இன்னும் கைவரவில்லை. சிவப்பு மையாற் சுழித்த வட்டம் இவ்விருவரையும் ஒன்றாக்கிவிடும். தன் வீட்டுத் தமிழே பிழை என்று முதலாம் வகுப்பிலேயே அறிவிக்கப்பெற்ற பிள்ளை, எழுதுகோலை எடுக்க அஞ்சுவான். படிப்பிற்குப் பழகாத இல்லத்தில் அவ்வச்சத்தைப் போக்குவார் இலர்.

அரசுத் தொடக்கப்பள்ளிகளில் 2007 முதல் மாநிலம் எங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் பிள்ளையின் வேகத்திற்கு மதிப்பளித்தது. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை நோக்கிப் பிரித்தது. இவை பாராட்டத்தக்கன. எனினும் 'காத்து' எழுதுவானும் 'கம்ப' எழுதுவானும் ஒரே நிலையில் அமர்தல் கூடும். அவர்க்கு வேண்டும் மருந்தோ வேறு. ஆகவே எவ்வளவு அறிந்தான் என்பதனோடு, எதனாற் பிழைத்தான் என்பதனையும் நோக்கிப் பிரித்தல் வேண்டும்.

இதற்கு ஆசிரியர் வட்டார ஒலியமைப்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. அவ்வறிவைத் தொகுத்து வழங்கற்பாலர் தமிழ்த்துறையினரே. வட்டார வழக்குகளை நாட்டார் பாடலுக்கும் புதினத்திற்கும் விளக்கமாக மட்டும் ஆராயும் நாம், ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஒலிப்பட்டியல் ஒன்றும், அதன்வழி எதிர்பார்க்கத்தக்க எழுத்துப் பிறழ்ச்சிகளின் பட்டியல் ஒன்றும் தொகுத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கையில் அளித்தல் வேண்டும். பதின்மூன்று எழுத்துகளை அரசாணை திருத்திற்று. எஞ்சிய பணி ஆணையால் முடிவதன்று, ஆய்வால் முடிவதாகும்.