ஆடிப் பதினெட்டும் அயல்நாட்டுச் சர்வரும்

அடுத்த வருஷத்துக் காலண்டர்களுக்கான ஆல்பத்தை ஆடிப் பதினெட்டன்று பூஜை போட்டு வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் நெடுநாளைய சம்பிரதாயம். தடித்த அட்டை போட்ட அந்த ஆல்பத்தைச் சுமந்துகொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகப் போய், நகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் ஆர்டர் பிடித்த காலம் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்றாலும், அதே படங்களை இணையதளத்தில் ஏற்றிவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்கைத் தட்டிவிடுகிற வழக்கமும் இப்போது வந்துவிட்டது. அதே ஊர்ப் பட்டாசுக்காரர்களின் சங்கதி வேறு. இணையவழிப் பட்டாசு விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்துவிட்டபடியால், அந்தத் தளங்களை நான் தொடவில்லை. காலண்டர் அச்சகம் நடத்தும் நண்பர் ஒருவரின் தளத்தில், க்ளவுட்ஃப்ளேர் என்னும் சிடிஎன் சேவையின் இலவசத் திட்டத்தையும், ஒருமுறை தயாரான பக்கத்தின் பிரதியை (அதுதான் கேஷ்) சேமித்து வைத்து நீட்டும் லைட்ஸ்பீட் கேஷ் என்னும் வேகக் கருவியையும் ஒருசேர இணைத்து, ஆடி ஆவணி நெருக்கடியில் ஓட்டிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தையே இங்கே எழுதுகிறேன்.

“அண்ணாச்சி, முருகன் படம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, பார்ட்டி எந்திரிச்சுப் போயிருவாரு போல” என்று ஏஜெண்டுகள் போனில் முறையிட்டதுதான் இந்தப் பரீட்சைக்கு மூலகாரணம். சகாயமாகக் கிடைத்தது என்று நண்பர் எடுத்திருந்த ஹோஸ்டிங்கின் சர்வர் அமெரிக்காவில் இருந்தது. கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுமென்றாலும், அவ்வளவு தூரம் போய்த் திரும்புவதற்கு 200 மில்லி விநாடிக்கு மேல் பிடித்துவிடுகிறது. இணைப்பைத் தொடங்க ஒரு நடை, பாதுகாப்பான பாதையை அமைக்க ஒரு நடை, பக்கத்தைக் கேட்டு வாங்க இன்னொரு நடை என்று மூன்று நடை போய் வருவதற்குள், ஓர் எழுத்துக்கூடத் திரையில் தோன்றாமலே அரை விநாடிக்கு மேல் கழிந்துவிடும்.

இந்தத் தூரத்தைக் குறைப்பதற்கென்றே பிறந்ததுதான் சிடிஎன். 1998-ல் அமெரிக்காவில் தோன்றிய அகமாய் நிறுவனம் அதற்கு வழி காட்டியது. 2010-ல் அறிமுகமான க்ளவுட்ஃப்ளேர், 2015-ல் மும்பை, தில்லி, சென்னை ஆகிய நகரங்களில் தன் மையங்களைத் திறந்தது. மொத்த வியாபாரி திருச்சியிலும் கோவையிலும் குடோன் பிடித்துச் சரக்கை முன்கூட்டியே இறக்கி வைப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. படம் எந்த மையத்திலிருந்து வந்தது என்று அறிய விரும்புகிறவர்கள், சர்வர் அனுப்பும் தலைப்பு வரிகளில் ‘சிஎஃப்-ரே’ என்பதன் வாலைப் பார்த்தால் போதும். சென்னையாக இருந்தால் அவ்வூர் விமான நிலையத்தின் குறியான ‘எம்ஏஏ’ அங்கே நிற்கும். ‘ஹிட்’ என்று இன்னொரு வரி சொன்னால், சரக்கு குடோனிலேயே இருந்தது என்று அர்த்தம்.

ஆனால் விளம்பரங்கள் அழுத்திச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. படங்களையும் ஸ்கிரிப்டுகளையும் தானாகவே சேமித்து வைத்துக்கொள்ளும் க்ளவுட்ஃப்ளேர், நாம் தனியாக விதி எழுதிக் கேட்டுக்கொண்டாலன்றி, பக்கத்தின் எச்டிஎம்எல்லைச் சேமிப்பதில்லை. ஆகவே படம் சென்னையில் காத்துக்கொண்டிருக்க, பக்கத்துக்கான கோரிக்கை மட்டும் ஒவ்வொரு தடவையும் கடல் கடந்து போய்க்கொண்டேயிருக்கும். வாடிக்கைக்காரர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலேயே இருக்கும் இத்தகைய தளத்துக்கு, எந்தச் சிடிஎன்னையும்விட முதலில் பிரயோஜனப்படுவது சர்வரை மும்பைக்கு மாற்றுவதே என்பது என் தீர்மானமான கருத்து. அப்படி மாற்றியபோது, ஏஜெண்டுகளின் முறையீடு பாதிக்குப் பாதி அடங்கிவிட்டது.

மீதிப் பாதிக்குக் காரணம் படங்கள். அச்சுக்குப் போகிற அதே கோப்பை, 300 டிபிஐ அளவிலும் சிஎம்ஒய்கே வர்ணத்திலும், டிசைனர் அப்படியே தளத்தில் ஏற்றியிருந்தார். கனம் ஒருபுறமிருக்க, நான்கு மைகளுக்காகப் பிரித்த வர்ணங்களைச் சில திரைகள் தப்பாக அர்த்தம் செய்துகொள்வதால், அம்மன் நெற்றிக் குங்குமம் கண்ணைப் பறிக்கும் ஏதோ ஒரு ரோஜா நிறத்தில் காட்சியளித்தது. திரைக்குரிய எஸ்ஆர்ஜிபி வர்ணத்துக்கு மாற்றி, திரைக்கு வேண்டிய அகலத்துக்குச் சுருக்கிய பிறகே, கனம் குறைந்த வெப்பி வடிவமாக்கும் வேலையை லைட்ஸ்பீடிடம் ஒப்படைத்தோம். அதிலும் தரத்தை மிகவும் இறக்கிவிட்டால் தெய்வத்தின் முகம் திட்டுத் திட்டாகிவிடும். காலண்டர் வாங்குகிறவர் வேறெதைப் பொறுத்தாலும் அதைப் பொறுக்கமாட்டார்.

க்ளவுட்ஃப்ளேரையும் லைட்ஸ்பீடையும் சேர்க்கும்போது வரும் உண்மையான சங்கடம் வேறிடத்தில் இருக்கிறது. லைட்ஸ்பீடில் ‘பிரவுசர் கேஷ்’ என்பதை முடுக்கினால், படங்களை ஒரு வருஷம்வரை வைத்துக்கொள்ளலாம் என்று அது சர்வரின் பெயரால் அனுமதிச் சீட்டு எழுதிவிடும். அந்தச் சீட்டைக் க்ளவுட்ஃப்ளேரும் மரியாதையோடு ஏற்றுக்கொள்ளும். டிசைன் 407-ல் பிழையாக விழுந்திருந்த எழுத்தொன்றைத் திருத்தி அதே கோப்புப் பெயரில் ஏற்றியபோது, அச்சகத்தில் கேஷைத் துடைத்தவர்களுக்குப் புதுப்படமும், வெளியூர் ஏஜெண்டுகளுக்குப் பழைய படமும் தெரிந்து, எதை அடிப்பது என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. க்ளவுட்ஃப்ளேரைத் துடைக்கும் பொத்தான் லைட்ஸ்பீடின் சொருகியிலேயே இருக்கிறது என்றாலும், ஏஜெண்டின் போனுக்குள் தங்கிவிட்ட பிரதியை எந்தப் பொத்தானும் எட்டாது. திருத்திய படத்துக்கு ‘407-2’ என்று புதுப்பெயர் வைப்பதே கிரமமான வழி.

ஸ்கிரிப்டுகளைத் தாமதப்படுத்தும் வசதி இரண்டிலும் இருக்கிறது. ஒன்றில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். க்ளவுட்ஃப்ளேரின் எஸ்எஸ்எல் அமைப்பை ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்று விட்டு, சர்வரும் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிடுமானால், பக்கம் தன்னையே சுற்றிச் சுற்றி நின்றுவிடும். ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’ என்பதே உத்தமம்.

இவ்வளவும் செய்தபின், பக்கத்தின் பெரிய படம் 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும் என்று கூகுள் வகுத்திருக்கும் எல்லைக்குள் தளம் சாதாரண 4ஜி போனிலும் வந்துவிட்டது. சிடிஎன்னின் அருமையை நான் உணர்ந்தது இரண்டு இடங்களில்: ஆல்பம் வெளியான அன்று எல்லா ஏஜெண்டுகளும் ஒரே நேரத்தில் லிங்கைத் திறந்தபோது சர்வர் அசையாமல் நின்றது, சிங்கப்பூர்க் கடைக்காரருக்குப் படங்கள் அவருடைய ஊரிலிருந்தே போய்ச் சேர்ந்தன. ஆனால் 2025 நவம்பர் 18 அன்று மாலை, தானியங்கி நிரல்களான பாட்களை இனங்காணும் அமைப்பின் கோப்பொன்று அளவுக்கு மீறிப் பெருத்துப்போய்க் க்ளவுட்ஃப்ளேர் உலகெங்கும் தடுமாறியதே, அதைப்போன்ற வேளைகளில் மும்பைச் சர்வர் சௌக்கியமாக இருந்தும் தளம் திறக்காது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

லைட்ஸ்பீட் சர்வர் உள்ள ஹோஸ்டிங்காகப் பார்த்து எடுத்தால், லைட்ஸ்பீட் கேஷ், க்ளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டம் ஆகிய இரண்டுக்கும் தனியாகக் காசு வேண்டாம். பக்கத்தையும் சென்னையிலேயே சேமிக்க விரும்பும் வேர்ட்பிரஸ்காரர்களுக்குக் க்ளவுட்ஃப்ளேரில் மாதம் 5 டாலரில் தனி வசதி உண்டு. அதை வாங்காமல் தாமே விதி எழுத முற்படுகிறவர்கள், ஆர்டர் படிவப் பக்கத்தை இரண்டு கேஷிலிருந்தும் விலக்கி வைத்துவிட வேண்டும். ஒரு கடைக்காரர் நிரப்பிய பெயரும் போன் நம்பரும் அடுத்த கடைக்காரரின் கண்ணில் படுவதற்கு அந்த ஓர் அஜாக்கிரதை போதும்.