வீதி முறையிடுமா?

உணரிகள் பொருத்தப்பட்ட நகரம் தன் குறைகளைத் தானே அறியும் என்ற கூற்றை ஐயமின்றி ஏற்பதற்கில்லை. அமெரிக்காவின் பொஸ்ரன் மாநகரில் 2012 இல் அறிமுகமான ‘ஸ்ரீட் பம்ப்’ என்னும் செயலியை நோக்குவோம். காரோட்டுவோரின் கைத்தொலைபேசியிலுள்ள அசைவுணரி, வாகனம் குலுங்கிய இடத்தைக் குறித்து மாநகர நிருவாகத்துக்கு அனுப்பிற்று. குடிமகன் முறையிட வேண்டியதில்லை, வீதியே முறையிடும். எண்ணம் அழகியதே. ஆயின் காரோ விலையுயர்ந்த தொலைபேசியோ இல்லாதோர் வாழும் தெருவின் குழி எவருடைய கணக்கிற் சேரும்? 2013 இல் கேற் குறோபோர்ட் என்னும் ஆய்வாளர் சுட்டிய குறையும் இதுவே. குழி பதிவாகாத வீதியைக் குழியற்ற வீதியென வாசிப்பது, இத்தகைய திட்டங்களை வியந்தெழுதுவோர் பலரிடம் காணப்படும் வழு. நிருவாகத்தினர் இவ்வபாயத்தை உணர்ந்து, எல்லாப் பகுதிகளுக்கும் செல்லும் வீதிப் பரிசோதகரிடமே செயலியை முதலில் வழங்கினர் என்பதையும் மறைத்தலாகாது. அத்திருத்தம் உணரி தந்ததன்று. உணரி எதனைக் காணாது என வினவிய மனிதர் தந்தது.