காட்டும் கருவியும் கேட்கும் கருவியும்: நமது ஆங்கில வகுப்பறை பற்றி ஒரு தமிழாசிரியரின் விமர்சனம்

சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் மாவட்டத்துப் பாடசாலையொன்றில் ‘ஸ்மார்ட் போர்ட்’ கையளிக்கும் வைபவத்துக்குப் போயிருந்தேன். கிராஅத், வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முறைப்படி நடந்தன. பழைய மாணவர்கள் சொந்தப் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த பலகை அது. அவர்களுடைய நிய்யத்தில் குறைகாண ஒன்றுமில்லை. அடுத்த வருடம் வேறொரு அலுவலாக அதே வகுப்பறைப் பக்கம் போக நேர்ந்தது. பலகையில் ஆங்கிலப் பாடநூலின் ஒரு பக்கம் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முன்பு கரும்பலகையைப் பார்த்து எழுதினார்கள். இப்போது வெளிச்சப் பலகையைப் பார்த்து எழுதுகிறார்கள்.

பாடம் முடிந்து வெளியே வந்த தரம் 9 பிள்ளை ஒருத்தியிடம், “இங்கிலிஷ் பாடம் வெளங்குதா மகள்?” என்று கேட்டேன். “வெளங்குது சேர். ஆனா வாயால செல்ல வருதில்ல” என்றாள்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். நான் ஆங்கில ஆசிரியர் அல்லன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, தமிழ் கற்பிப்பவன். ஆனால் மொழி கற்பித்தல் என்ற தொழில் இருவருக்கும் பொது. பக்கத்து வகுப்பறையில் நடப்பதைப் பல வருடங்களாகக் காதால் கேட்டுவருகிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வந்தவை எல்லாம் ஒருவழிப் பாதை

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 1999இல் தரம் 1இலிருந்தே செயற்பாடுகள் மூலம் வாய்மொழி ஆங்கிலம் அறிமுகமானது. தரம் 3இலிருந்து முறையான பாடம். ஆக, க.பொ.த. சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளை குறைந்தது ஒன்பது வருடங்கள் ஆங்கிலம் படித்திருக்கிறது. ஒன்பது வருடம் படித்த பிள்ளைக்கு வாய் வரவில்லை என்றால், குறையைப் பிள்ளையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

இந்தக் குறையைத் தீர்க்கத் தொழில்நுட்பம் வந்தது என்றுதான் சொன்னார்கள். ஒலிநாடா வந்தது, கணினி நிலையம் வந்தது, கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ இணையத்தளம் வந்தது. அதில் பாடநூல்களும் பாடங்களும் வினாத்தாள்களும் மூன்று மொழிமூலத்திலும் கிடைக்கின்றன. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்மொழிமூலப் பாடங்கள் ஒளிபரப்பாயின. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழு அமைத்துப் பயிற்சித்தாள் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் நாட்டின் ஏறத்தாழ ஐந்து குடும்பங்களில் ஒன்றிடம்தான் கணினி இருந்தது. சிக்னல் தேடிக் குன்றேறிய பிள்ளைகளின் படங்கள் 2021இல் உலகச் செய்திகளிலேயே வந்தன. றத்தோட்டை மலைப்பக்கம் பிள்ளைகள் உள்ள ஆசிரியர்களுக்கு அது புதினமான படம் அல்ல.

இந்த முயற்சிகளைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஒன்றுமில்லாத காலத்தில் அவை இருந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: ஒலிநாடா பேசும், பிள்ளை கேட்கும். தொலைக்காட்சி காட்டும், பிள்ளை பார்க்கும். இணையத்தளம் தரும், பிள்ளை எடுக்கும். பிள்ளை பேசினால் கேட்க அங்கே ஆளுமில்லை, கருவியுமில்லை. கருவிகள் யாவும் காட்டும் கருவிகளாகவே நம் வகுப்பறைக்குள் நுழைந்தன.

தேவை என்றால் எது?

‘மாணவர் தேவைக்கேற்பத் தொழில்நுட்பம்’ என்ற சொற்றொடர் கருத்தரங்குகளில் தாராளமாகப் புழங்குகிறது. தேவை என்றால் என்ன என்று கேட்டால் பதில் மங்கலாகிவிடும். ஹட்சின்சன், வோட்டர்ஸ் ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்ட நூலில் இந்தச் சொல்லை மூன்றாகப் பிரித்தார்கள். கற்பவர் போய்ச்சேர வேண்டிய இடத்தில் அவருக்குக் கட்டாயமாக வேண்டியது எது என்பது ஒன்று. இப்போது அவரிடம் இல்லாதது எது என்பது இரண்டாவது. அவரே விரும்புவது எது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

மாத்தளைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கண்டியிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியோரம் வாசனைத் திரவியத் தோட்டங்கள் இருக்கின்றன. தம்புள்ளையும் சீகிரியாவும் நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே வேலை செய்யப்போகும் இளைஞனுக்கு வேண்டியது ஏலம், கறுவா, மிளகு பற்றி வெளிநாட்டவரிடம் தடுமாறாமல் நாலு வசனம் பேசுவதும், அவர்கள் திருப்பிக் கேட்பதை விளங்கிக்கொள்வதும். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு வேண்டியது வேறு. தமிழில் உயர்தரம் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரையில் உட்கார வேண்டும். பக்கம் பக்கமாக வாசித்துக் குறிப்பெடுக்க வேண்டும். வளைகுடாவுக்குப் போகிறவருக்கு ஒப்பந்தப் படிவத்தை வாசித்து, கையெழுத்து வைப்பதற்கு முன் கேள்வி கேட்கத் தெரிய வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நம் உறவுக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இந்த மூவரும் இன்று ஒரே வகுப்பில், ஒரே பலகையின் முன்னால் இருக்கிறார்கள். மூவருக்கும் கிடைப்பது ஒரே பக்கம். சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை எழுத்துப் பரீட்சை மட்டுமே. பேச்சுக்கு அதில் புள்ளி இல்லை. புள்ளி இல்லாத ஒன்றுக்காக வகுப்பில் நேரம் ஒதுக்க எந்த ஆசிரியர் துணிவார்? ஆகவே கருவியும் பரீட்சைக்கே வேலை செய்கிறது. பிள்ளையின் ‘இல்லாதது’ பேச்சு; கருவி தருவது மேலும் ஒரு வினாத்தாள்.

பெருவும் ஹைதராபாத்தும்

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. தென்னமெரிக்க நாடான பெரு, பிள்ளைகளுக்கு எட்டு இலட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளை வாங்கிக் கொடுத்தது. கிராமப் பாடசாலைகளில் செய்யப்பட்ட மதிப்பீடு 2012இல் வெளிவந்தது. கணிதத்திலும் மொழியிலும் அடைவு உயர்ந்ததாக அதில் சான்று கிடைக்கவில்லை. கருவி பிள்ளையின் கைக்குப் போனது. அதைக்கொண்டு எந்தக் குறையைத் தீர்ப்பது என்ற தீர்மானம் கூடப் போகவில்லை.

இதற்கு மாறான ஒரு சிறு பரிசோதனை ஹைதராபாத்தில் நடந்தது. சுகதா மித்ராவும் கூட்டாளிகளும் 2003இல் அதைப் பற்றி எழுதினார்கள். வசதி குறைந்த பகுதிப் பாடசாலையொன்றின் 16 பிள்ளைகள் சிறு குழுக்களாகக் கணினிமுன் அமர்ந்து ஆங்கிலத்தில் பேசினார்கள். கணினியில் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் இருந்தது. சொல் சரியாக ஒலித்தால் சரியாக எழுதும். பிசகினால் வேறெதையோ எழுதும். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஒருவரையொருவர் திருத்தினார்கள். சில மாதங்களில் உச்சரிப்பு முன்னேறியது என்று ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள்.

16 பேரை வைத்துச் செய்த ஒன்றை வேதவாக்காக எடுக்கத் தேவையில்லை. ‘ஆசிரியரே வேண்டாம்’ என்று அதிலிருந்து சிலர் எடுத்த முடிவும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பெருவில் கருவி பிள்ளைக்குக் காட்டியது. ஹைதராபாத்தில் கருவி பிள்ளையைக் கேட்டது.

நம்மிடமே இருந்த முறை

பிள்ளையைக் கேட்டுத் திருத்தும் முறை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. குர்ஆன் மத்ரஸாவில் முப்பது பிள்ளைகள் இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் சபக்கை முஅல்லிம் முன்னால் ஓதிக்காட்ட வேண்டும். மக்ரஜ் பிழைத்தால் அந்த இடத்திலேயே நிறுத்துவார், திருப்பி ஓதவைப்பார். ஓதிக்காட்டாமல் அடுத்த பாடம் இல்லை.

இதில் மொழியியல் நன்மை ஒன்றும் இருக்கிறது. தமிழில் இல்லாத பல ஒலிகள் நம் பிள்ளைகளின் நாவில் ஏற்கெனவே பழகியிருக்கின்றன. மேற்பல் கீழுதட்டில் படும் ‘ஃப’ ஒலியை ஃபாத்திஹா ஓதும் ஒவ்வொரு பிள்ளையும் அறியும். அதே பிள்ளை ஆங்கில வகுப்பில் ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்கிறது. நுனிநாக்கை மேற்பல்லின் நுனியில் வைத்துச் சொல்லும், மூன்று புள்ளி வைத்த எழுத்தைத் தஜ்வீதோடு ஓதும் பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் ‘சிந்தி’ என்று பொருள்தரும் ‘திங்க்’ என்ற சொல்லின் முதலொலி அந்நியமானதல்ல. புள்ளி வைத்த தாலும் ‘திஸ்’ என்ற சொல்லின் முதலொலியும் அதே உறவுடையவை. ‘ஸூ’ என்று மிருகக்காட்சிசாலையைச் சொல்லும்போது வரும் அதிரும் ஒலி ஸாய் எழுத்தில் இருக்கிறது.

நாவு அறிந்ததை வகுப்பறை கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டிருந்தால், “மகன், ஓதக்குள்ள செல்ற மாதிரிச் செல்லுங்க” என்ற ஒரு வசனத்தில் அந்தப் பாடம் முடிந்திருக்கும். எங்கோ தயாரித்து எல்லோருக்குமாக அனுப்பிய காணொளிக்கு இது தெரியாது. பிள்ளையைத் தெரிந்த ஆசிரியருக்குத்தான் தெரியும். அதேபோல், வினைச்சொல் கடைசியில் வரும் தமிழ் வசனத்திலிருந்து வினை நடுவில் வரும் ஆங்கில வசனத்துக்குப் பிள்ளை எப்படித் தாவுகிறது, எங்கே விழுகிறது என்பதும் பிள்ளையின் வாயைக் கேட்டால்தான் பிடிபடும்.

கணக்கு

“நாப்பது பிள்ளைகள வெச்சிக்கொண்டு ஒவ்வொருத்தரையா எப்படிக் கேக்கிற?” என்று ஆங்கில ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 40 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம். வரவு பார்த்து முடிய அதுவும் இல்லை. தொழில்நுட்பத்துக்கு வேலை இருக்கும் இடம் சரியாக இதுதான்.

நால்வர் கொண்ட பத்துக் குழுக்கள். வாரத்தில் ஒருநாள் ஒவ்வொரு குழுவும் இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசி, கையடக்கத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்கிறது. ஒரு குழு மிளகு விற்கலாம், ஒரு குழு படிவம் பற்றி விசாரிக்கலாம், ஒரு குழு வாசித்த பந்தியைச் சுருக்கிச் சொல்லலாம். மூன்று தேவைகளும் ஒரே வகுப்புக்குள் அடங்கும். ஆசிரியர் கேட்க வேண்டியது மொத்தம் இருபது நிமிடம். குழுவுக்கு ஒரு பிழையை மட்டும் குறித்துக்கொண்டு மறுவாரம் திருத்தினால் போதும். டேட்டா வேண்டாம், சிக்னல் வேண்டாம். பாடசாலைக்கென வாங்கிய இரண்டு சாதாரண தொலைபேசிகள் போதும். பிள்ளைகள் கொண்டுவரத் தேவையில்லை. தன் குரலையே திருப்பிக் கேட்கும் பிள்ளை பாதிப் பிழையைத் தானே பிடித்துவிடும்.

இதற்கும் ஆட்சேபம் வரும். பெண்பிள்ளைகளின் குரல் வெளியே போகுமோ என்று பெற்றோர் அஞ்சுவார்கள். அந்த அச்சத்தைப் பழைமைவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. பதிவு பாடசாலைத் தொலைபேசியை விட்டு வெளியே போகாது, கேட்டு முடிந்ததும் அழிக்கப்படும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லி அதன்படி நடந்தால் அச்சம் தணியும். ஆசிரியருக்கு வேலை கூடும் என்பதும் உண்மை. அந்த இருபது நிமிடத்தைக் கால அட்டவணையில் அதிபர் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும்.

இதைச் செய்யாமல் இருப்பதன் விலை இப்போது ஏறிவிட்டது. பிள்ளைகளிடம் மொழிபெயர்க்கும் செயலியும் கட்டுரை எழுதிக் கொடுக்கும் செயலியும் வந்துவிட்டன. தன் பொழுதுபோக்குப் பற்றி ஒரு பக்க ஆங்கிலக் கட்டுரை கொண்டுவந்த மாணவன் ஒருவனிடம் அதை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டான். எழுதியது அவனல்ல என்பதை அவனும் மறைக்கவில்லை. எழுத்தை மட்டும் பார்த்துப் புள்ளி போடும் வகுப்பறையில் இந்தப் பிள்ளைதான் இனி முதலாம் பிள்ளை. பிள்ளையின் தேவை அப்படியே இருக்க, தேவை தீர்ந்த மாதிரி ஒரு தாள் மட்டும் கைக்கு வரும்.

நம் பங்கு

கடைசியாக நம் சமூகத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பலகை வாங்கிக் கொடுத்தால் பெயர் பொறிக்கலாம், படம் எடுக்கலாம். பிள்ளை பேசுவதைக் கேட்க ஓர் உதவி ஆசிரியரை ஒரு வருடம் அமர்த்திக் கொடுத்தால் படம் எடுக்க ஒன்றுமில்லை. ஊரிலே ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணித்தியாலம் அந்தப் பதிவுகளைக் கேட்டுக் குறிப்பெழுத அவர்களால் முடியும். அடுத்த முறை பழைய மாணவர் கூட்டத்தில் “எந்தக் கருவி வாங்கலாம்?” என்ற கேள்வி வரும்போது, “இந்த வருசம் எத்தனை பிள்ளைகள் ஆங்கிலத்தில் பேசி நாங்க கேட்டிருக்கிறோம்?” என்று யாராவது எழும்பிக் கேட்க வேண்டும்.

அந்தத் தரம் 9 மகள் இப்போது உயர்தரம் முடித்திருப்பாள். அவளுக்கு நாம் காட்டாதது ஒன்றுமில்லை. அவள் பேச, கேட்டிருக்க வேண்டும்.