மின்னணு இசையில் ஆக்கமும் பதிவும்: அகமதாபாது ஒலிநாடாக்களும் திருவனந்தபுரத் திரையொலியும்

முன்னுரை

தமிழில் இசை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு தடங்களில் நிகழ்ந்துள்ளன. பண், தாளம், யாழ், குழல் ஆகியவற்றின் இலக்கணத்தைப் பழைய நூல்களின்வழி மீட்டுரைப்பது ஒன்று. பாடலின் சொற்பொருளை, குறிப்பாகத் திரைப்பாடலின் சொற்பொருளை, இலக்கிய நோக்கில் விளக்குவது மற்றொன்று. இவ்விரு தடங்களிலும் ஒலிப்பதிவு என்பது முன்பே முழுமை பெற்ற இசையைத் தாங்கும் கலமாகவே கொள்ளப்பட்டுள்ளது. ஆக்கியோன் ஒருவன், பாடுவோன் ஒருவன், பதிவோன் ஒருவன் என்ற பகுப்பும் இதனை ஒட்டியதே. மின்னணு இசையில் இப்பகுப்பு நிலைபெறுவதில்லை. அங்குப் பதிவதும் ஆக்குவதும் ஒரே வினையாகின்றன. இக்கருத்தை இந்தியச் சூழலில் தோன்றிய படைப்புகளைக் கொண்டு நிறுவுவதும், திறனாய்வு எதனைப் பனுவலாகக் கொள்ளவேண்டும் என்று ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

ஒலியே மூலப்பொருள்

1948-இல் பாரிசு வானொலியில் பணியாற்றிய பியேர் ஷேஃபர், தொடர்வண்டிகளின் ஒலிகளைத் தட்டுகளில் பதிந்து, அவற்றைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தும் அடுக்கியும் ஓர் இசைப்படைப்பை உருவாக்கினார். 1951-இல் தொடங்கப்பெற்ற கொலோன் வானொலிக் கூடத்தார், உலகில் உள்ள ஒலிகளைப் பதிவதற்கு மாறாக, மின்சுற்றில் பிறக்கும் ஒலியையே மூலப்பொருளாகக் கொண்டனர். தொடக்கத்தில் வேறுபட்டு நின்ற இவ்விரு நெறிகளையும் ஒலிநாடா இணைத்தது.

ஒலிநாடா காலத்தை நீளமாக மாற்றித் தருகிறது. நொடிக்கு 38 செ.மீ. விரைவில் நாடா ஓடுமாயின் ஒரு நொடி ஒலி 38 செ.மீ. நீளமுடைய பொருளாகிறது. அதை வெட்டலாம், ஒட்டலாம், தலைகீழாகத் திருப்பி ஓட்டலாம், இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கலாம். விரைவைப் பாதியாகக் குறைத்தால் ஒலி ஒரு ஸ்தாயி தாழ்வதுடன் இருமடங்கு நீளவும் செய்யும். எனவே சுருதியும் காலமும் தனித்தனியே நில்லாமல் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. தாளில் சுரக்குறிப்பு எழுதும் ஆசிரியருக்கு இல்லாத இக்கட்டுப்பாடு, நாடாவில் ஆக்குவோரின் யாப்பு எனத் தக்கது.

அகமதாபாதுக் கூடம்

இந்தியாவில் இம்முயற்சிக்கு இடமளித்தது அகமதாபாதில் 1961-இல் நிறுவப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனம் ஆகும். இதற்குப் பின்புலமாக அமைந்தவர் பக்காவஜ் கலைஞர் கீதா சாராபாய். இவர் 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடம் மேலைப் புதிய இசையைக் கற்றவர். கேஜின் நெருங்கிய இசைத்துணைவரான டேவிட் டியூடர் 1969-இல் அகமதாபாது வந்து, மூக் சிந்தசைசரும் ஒலிநாடாக் கருவிகளும் கொண்ட கூடத்தை அமைத்தார். 1969 முதல் 1972 வரை அங்கே டியூடரோடு கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் ஒலியாக்கங்களைப் படைத்தனர்.

அந்நாடாக்கள் நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. கலைஞரும் ஆய்வாளருமான பால் பர்கஸ் 2017-இல் அவற்றை நிறுவனத்தில் கண்டறிந்தார். அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த தொகுப்பு 2023-இல் வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் இந்திய மின்னணு இசையின் வரலாறு இப்படைப்புகள் இல்லாமலேயே சொல்லப்பட்டு வந்தது.

ஆக்கமுறை

அக்கால மூக் கருவி இசைக்கருவி என்ற சொல் தரும் எண்ணத்திற்கு உட்படாதது. அதில் ஒலியைப் பிறப்பிக்கும் அலையியற்றி, அவ்வொலியின் கூறுகளை நீக்கியும் விடுத்தும் உருத்தரும் வடிப்பி, அளவைக் கூட்டிக் குறைக்கும் பெருக்கி ஆகியன தனித்தனி உறுப்புகளாக நிற்கும். அவற்றை இணைப்புக் கம்பிகளால் எவ்வாறு பிணைப்பது என்பதை ஆக்குவோரே முடிவு செய்யவேண்டும். பிணைப்பு முடியும்வரை கருவி என ஒன்று இல்லை. கம்பிகளைப் பிடுங்கியபின் அக்கருவி மீண்டும் இல்லை.

தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்தின் பிறப்பை விளக்கும் முறை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உந்தியிலிருந்து எழும் காற்றைத் தோற்றுவாயாகவும், தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றை அது நிலைகொள்ளும் இடங்களாகவும், பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றை அதற்கு வேறுபாடு தரும் உறுப்புகளாகவும் அந்நூல் கொள்கிறது. தோற்றுவாய் வேறு, உருத்தரும் உறுப்பு வேறு என்ற இப்பகுப்பே சிந்தசைசரின் அடிப்படையும் ஆகும். தொல்காப்பியர் மின்னணுவியலை அறிந்திருந்தார் என்பது இதன் பொருளன்று. ஒலியை ஆக்கத்தின் வழியே விளக்கும் மரபு தமிழ்ப் புலமைக்குப் புதிதன்று என்பதே கருதத்தக்கது.

இக்கருவியில் சுருதியை ஆள்வது மின்னழுத்தமாகும். ஒரு வோல்ட் உயர்ந்தால் ஒலி ஒரு ஸ்தாயி உயரும். கட்டைவரிசை இவ்வொரு வோல்ட்டைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக்குகிறது. மின்னழுத்தத்திற்கோ அத்தகைய படிகள் இல்லை. ஆகவே கட்டையைத் துறந்து அழுத்தத்தையே நேராக ஆளும் ஒருவர், சமப்பகுப்பிற்கு அப்பாற்பட்ட எந்தச் சுருதியிலும் நிற்கலாம். மேலும், அக்காலக் கருவி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். பல சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் மேலை இசைக்கு இது குறை. ஒற்றை இசைவழியை வளர்த்துச் செல்லும் இந்திய இசைக்கு இது தடையாக அமையவில்லை.

எனினும் இவ்விசைவு எளிதில் வாய்ப்பதன்று. இரு சான்றுகள் இதனைத் தெளிவாக்கும்.

முதலாவது சுருதிப் பின்னணி. மாத்தூரின் படைப்பொன்றன் தலைப்பு, ஒரு காலத்தில் தாம் தம்பூரா வாசித்ததாகக் கூறுவது. தம்பூராவின் தொழிலை அலையியற்றி செய்துவிடும் என்ற எண்ணம் இயல்பாக எழக்கூடியதே. ஆயின் தம்பூராவின் குதிரையில் இடப்படும் நூலிழையால் எழும் ஜீவா, மேற்சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மலரச் செய்கிறது. மீட்டிய கணத்து ஒலி அடுத்த கணத்தில் வேறாகிறது. இரம்பப்பல் வடிவ மின்னலையில் மேற்சுரங்கள் அனைத்தும் உள்ளன; அவை அசைவின்றி நிற்கின்றன. அவ்வசைவைத் தரவேண்டுமானால் வடிப்பியின் எல்லையைக் காலந்தோறும் நகர்த்தவேண்டும். தம்பூரா தானே செய்வதைச் சிந்தசைசரில் ஆக்குவோர் தெரிந்து செய்யவேண்டும். அத்தலைப்பின் இறந்தகாலம் இவ்விடைவெளியை உணர்ந்த ஒருவரின் சொல்லாகவும் கொள்ளத்தக்கது.

இரண்டாவது கமகம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் வசதி சிந்தசைசரில் உண்டு. அவ்வழுக்கு ஒருமுறை வகுத்த வீதத்தில் மாறாது நிகழ்வது. கமகமோ ஓரிடத்தில் தயங்கி, ஓரிடத்தில் விரைந்து, அயற்சுரத்தைத் தொட்டு மீள்வது. எனவே வழுக்கைக் கமகம் எனக் கொள்வது பிழையாகும். டியூடரின் நாடாப் பின்னூட்ட ஆக்கங்கள் கருவியை மரபிசைக்குப் பதிலியாக்காமல் அதன் இயல்பிலேயே வினவும் நெறியைக் காட்டுகின்றன. நாடாக் கருவியில் பதிவு முனைக்கும் வாசிப்பு முனைக்கும் இடையே 5 செ.மீ. இருப்பதாகக் கொண்டால், 38 செ.மீ. விரைவில் பதிந்த ஒலி ஏறத்தாழ 0.13 நொடி கழித்துத் திரும்பும். அதனை மீண்டும் உள்ளே செலுத்தினால் ஒலி தன்மேல் தானே படிந்து வளரும். எந்த அளவில் அவ்வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவது என்பதே இங்கு ஆக்குவோரின் கலை. கேட்டு முடிவு செய்தலும் பதிதலும் ஆக்குதலும் இங்கே பிரிக்கவியலாதன.

நிரலாக்கமும் இராகமும்

அகமதாபாதுக் கூடம் ஓய்ந்து பத்தாண்டுகள் கழிந்தபின், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தட்டை உருவாக்கினார். ரோலண்டு நிறுவனத்தின் டிபி-303 அடித்தொனிக் கருவி, டிஆர்-808 தாளக் கருவி, ஜூபிடர்-8 கட்டைவரிசை ஆகிய மூன்றும் அதில் பயன்பட்டன. பூபாளி, மால்கௌன்ஸ், கலாவதி முதலிய இராகங்கள் அதில் உள்ளன. கருநாடக இசை மரபில் இவை முறையே மோகனம், இந்தோளம், வலசி ஆகியவற்றுக்கு இணையாவன. வெளிவந்த காலத்தில் விற்பனையில் தோற்ற அத்தட்டு, 2010-இல் நெதர்லாந்தில் மறுவெளியீடு பெற்றபின் உலகக் கவனம் பெற்றது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1987-இல் வெளியான ‘ஆசிட்’ இசைத்தட்டின் ஓசையை இது ஐந்தாண்டுகள் முந்தியது என்பதே பலராலும் வியக்கப்பட்டது.

முந்தியது யார் என்ற வினா திறனாய்வுக்குச் சிறிதளவே உதவும். டிபி-303 கருவியில் ஒரு சுற்று பொதுவாகப் பதினாறு சமக் கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறிலும் சுரம், அழுத்தம், வழுக்கு ஆகியவற்றை முன்கூட்டியே நிரல்படுத்தலாம். அச்சுற்று மாறாது சுழல, அதன்மேல் கட்டைவரிசையில் இராகம் விரிகிறது. இங்கு நிரலிட்ட பகுதி இராகத்தின் சுரத்தொகுதியை மட்டும் அறியும். கையால் வாசிக்கும் பகுதியே அதன் நடையை அறியும். இவ்விரண்டிற்கும் இடையிலான இழுவிசையே இப்படைப்பின் உயிர். இராகம் இயந்திரத்திற்கு அடங்கிவிட்டது என்று பழிப்பதும், இயந்திரம் இராகத்தைப் பாடியது என்று புகழ்வதும் இதனைக் காணத் தவறுகின்றன.

திருவனந்தபுரத் திரையொலி

1965-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய சித்ரலேகா இயக்கத்தின் வழிவந்த அடூர் கோபாலகிருஷ்ணனின் படங்கள் மின்னணு இசை என்னும் வரையறைக்குள் நேராக அடங்கா. ஆயினும் பதிந்த ஒலியைத் தெரிந்து, வெட்டி, இணைத்து, கலந்து பொருள்படுத்தும் தொழில் இரண்டுக்கும் பொது. அகமதாபாதுக் கூடம் இயங்கிய அதே காலப்பகுதியில், 1972-இல் வெளியான ‘சுயம்வரம்’ படப்பிடிப்பிடத்து ஒலியைப் பயன்கொண்டது. ஒலியை மீளவரும் குறிப்பாக ஆண்ட முன்னோடிப் படமாகவும் மதிக்கப்படுகிறது. 1977-இல் வெளியான ‘கொடியேற்றம்’ பின்னணி இசையே இல்லாதது. அங்கு ஊரின் ஒலிகளே இசையின் இடத்தில் நிற்கின்றன.

இதனை விளக்கத் தமிழ்த் திறனாய்வில் சொல் உண்டு. தொல்காப்பியம் பறையையும் யாழையும் விலங்கு, மரம் ஆகியவற்றோடு கருப்பொருளாக எண்ணுகிறது. ஒலி அங்கு நிலத்தின் உடைமை. அக்கருப்பொருளின் புறத்தே பிறக்கும் குறிப்பு இறைச்சி எனப்படும். பின்னணி இசை மாந்தரின் மெய்ப்பாட்டை நேரே அறிவிக்கும். சூழலொலி அதனை இறைச்சியாகவே உணர்த்தும். இவ்வேறுபாடு பதிவுமேசையில் செய்யப்படும் தெரிவினால் விளைவதாகும்.

‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ (1981) ஆகியவற்றுக்கு இசையமைத்த எம். பி. சீனிவாசன் தமிழ் ஆய்வாளர் அறிந்தவரே. ஜெயகாந்தன் பாடல் எழுதிய ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தின் இசையமைப்பாளர் அவர். அப்படத்தில் அவர் பணி பாடல் என்பதால் தமிழில் பேசப்பட்டது. பாடல் இல்லாத திரையொலியில் அவர் பணி அவ்வளவாகப் பேசப்படவில்லை. சொல் உள்ள இடத்தில் மட்டுமே பனுவலைக் காணும் பழக்கம் இதனால் புலனாகிறது. 1986-இல் ‘புன்னகை மன்னன்’, 1992-இல் ‘ரோஜா’ எனக் கணினிவழி இசையாக்கம் தமிழ்த் திரையில் வேரூன்றிய பின்னரும் அப்பழக்கம் பெரிதும் மாறவில்லை.

பனுவலும் பாதுகாப்பும்

ஆக்கமே பதிவாகும் கலையில் நாடா அழிந்தால் படைப்பு அழியும். சுரக்குறிப்பிலிருந்து அதனை மீட்க இயலாது. இவ்விடர்ப்பாடு தமிழ் இசைக்குப் புதிதன்று. அடியார்க்கு நல்லார் தம் உரைக்குத் துணையாகக் கொண்ட நூல்களுள் பலவும் மறைந்தன. பஞ்சமரபு 20-ஆம் நூற்றாண்டில் ஏட்டிலிருந்து அச்சேறியது. பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் கிடைத்த ஏடுகளைக் கொண்டு த. கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்தில் பாசனின் நாடகங்களைப் பதிப்பித்தபோது வடமொழி நாடக வரலாறே திருத்தப்பெற்றது. அம்மரபில் வந்த பெருஞ்சுவடித் தொகுதி காரியவட்டத்தில் இன்றும் உள்ளது.

ஏட்டைப் படிப்போர் எழுத்தை மட்டும் நோக்குவதில்லை; ஓலையின் சிதைவு, எழுதியோன் கை, பாடவேறுபாடு ஆகியவற்றையும் நோக்குவர். நாடாவிலும் ஒட்டிய இடம், விரைவு மாற்றம், பெட்டியின்மேல் எழுதிய குறிப்பு ஆகியவை அத்தகைய சான்றுகளே. இன்றைய கணினி ஆக்கத்தில் இடர் மிகுதி. 1969-இன் நாடாவை அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஓட்ட முடிந்தது. மென்பொருள் மாறினால் சில ஆண்டுகளுக்கு முந்திய ஆக்கக் கோப்பும் திறக்காமற் போகக்கூடும். அப்போது எஞ்சுவது முடிந்த ஒலி மட்டுமே, அதன் அடுக்குகள் அல்ல.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, மின்னணு இசையில் பிணைப்பு, வெட்டு, நிரல், பின்னூட்டம் ஆகியவை தொழில்நுட்பத் துணைகளாக மட்டும் நில்லாமல் ஆக்கத்தின் இலக்கணமாகவே அமைகின்றன என்பது புலனாகிறது. கருவியின் புதுமையையோ மரபின் தொன்மையையோ கொண்டு இப்படைப்புகளை மதிப்பிடுவது பொருந்தாது. எத்தெரிவு, எக்காரணத்தால், எவ்விளைவோடு செய்யப்பட்டது என்பதே மதிப்பீட்டின் அளவுகோலாக வேண்டும். அதற்கான கலைச்சொற்களைப் பிறப்பியலும் இறைச்சியும், அதற்கான ஒழுங்கைச் சுவடிப் பதிப்பு நெறியும் தமிழ்ப் புலமைக்கு முன்பே அளித்துள்ளன. தென்னகத் திரைக்கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் எஞ்சியுள்ள காந்த நாடாக்களைச் சுவடிகளைப் போலவே அட்டவணைப்படுத்துவதும் அவற்றின் ஆக்கக் குறிப்புகளைத் தொகுப்பதும் தமிழ், மலையாளத் துறைகள் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். காந்தப் பூச்சு உதிர்ந்தபின் அப்பணியைத் தொடங்க இயலாது.