ஒரு மணி நேர இருட்டும் ஓடந்துறைக் காற்றாலையும்

ஆண்டுதோறும் மார்ச் மாதப் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை இரவு 8.30 முதல் 9.30 வரை விளக்குகளை அணைக்குமாறு நமக்கு வேண்டுகோள் விடுக்கப்படுகிறது. 2007-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் தொடங்கிய 'புவி நேரம்' என்னும் இயக்கம் இது. நோக்கம் நல்லதே. பயன் எவ்வளவு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டில் 10 வாட் விளக்குகள் ஐந்து எரிவதாகக் கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் அணைத்தால் மிச்சமாவது ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்கு. ஒரு லட்சம் வீடுகள் சேர்ந்து அணைத்தால் 5,000 யூனிட்.

இதனை மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சியின் செயலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்கட்டணம் ஏறிக்கொண்டே போவதைக் கண்ட அவ்வூராட்சி, தன் நிதியோடு வங்கிக் கடனும் சேர்த்து, 2006-இல் உடுமலைப்பேட்டைப் பகுதியிலுள்ள மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. செலவு சுமார் 1.55 கோடி ரூபாய். அதன் ஆண்டு உற்பத்தியாகக் குறிப்பிடப்படுவது சுமார் 6.75 லட்சம் யூனிட். நாளொன்றுக்குச் சராசரியாக 1,850. ஆக, லட்சம் வீடுகளின் ஒரு மணி நேர இருட்டு, இந்த ஒரு காற்றாலையின் மூன்று நாள் உழைப்புக்குக்கூட ஈடாகாது!

ஆனால் ஓடந்துறையைப் புகழ்வோரிடமும் ஒரு குறை உண்டு. 'ஊர் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே தயாரிக்கிறது' என்பதோடு அவர்கள் நின்றுவிடுகிறார்கள். காற்றாலை மின்சாரம் நேரே ஊருக்கு வருவதில்லை. மின்வாரியக் கம்பிகளில் கலந்துவிடுகிறது. மேலும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலுவாக வீசுவது மே முதல் செப்டம்பர் வரையே. காற்று ஓய்ந்த மாதங்களில் இரவுத் தேவையின் பெரும்பங்கை நிலக்கரிதான் ஈடுசெய்கிறது. நிலக்கரியால் பெறும் ஒவ்வொரு யூனிட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவைக் காற்றில் விடுகிறது. ஆகவே உற்பத்தி மட்டும் போதாது, சிக்கனமும் வேண்டும்.

அந்தச் சிக்கனத்தை எங்கே தேடுவது? குடிநீர் மோட்டாரிலிருந்து தொடங்கலாம். 1,000 லிட்டர் நீரை 30 மீட்டர் உயர்த்த இயற்கை கேட்பது 0.08 யூனிட் மட்டுமே. 25 விழுக்காடு திறனுள்ள தேய்ந்த பம்புசெட் இதற்கு 0.33 யூனிட் எடுத்துக்கொள்ளும். 50 விழுக்காடு திறனுள்ளது 0.16 யூனிட்டில் முடித்துவிடும். பாதி மிச்சம்! அதுவும் ஆண்டில் ஒரு நாள் அன்று, 365 நாளும். பம்புசெட்டுக்குப் பெயர்போன கோயம்புத்தூர்ச் சீமையில் இது அரிய காரியமா?

மாணவர்களே, உங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவையும் உயரத்தையும் கேட்டறியுங்கள். அது ஒருமுறை நிரம்ப எத்தனை யூனிட் ஆகிறதென மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டு, கிடைத்த விடையைக் கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பதைவிட அது பெரிய தொண்டு.