முனையத் தொடர்பு மென்பொருள் தேர்வில் வேகம் எனும் அளவுகோல்: கெர்மிட்டை முன்வைத்து ஒரு திறனாய்வு

வெவ்வேறு கணினி அமைப்புகளுக்கு முனையத் தொடர்பு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, கோப்பு எவ்வளவு விரைவாகப் போய்ச் சேர்கிறது என்பதே முதல் அளவுகோலாகக் கொள்ளப்படுவதுண்டு. இவ்வளவுகோலால் குறைத்து மதிப்பிடப்பட்டது கெர்மிட். 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபிராங்க் ட குரூஸ், பில் கேட்சிங்ஸ் ஆகியோர் அதனை உருவாக்கினர். டெக்-20 கணினியில் மாணவர்க்கு ஒதுக்கப்பட்ட வட்டு இடம் போதவில்லை; கோப்புகளை நுண்கணினியின் நெகிழ்வட்டுக்கு மாற்றிவைக்க ஒரு வழி தேவைப்பட்டது. உடனிருந்த ஐபிஎம் பெருங்கணினியோ வேறு எழுத்துக் குறியாக்கம் கொண்டது. ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே தரவை விடுவது. எட்டாம் பிட்டைப் பிழைச் சோதனைக்கு எடுத்துக்கொள்வது.

கெர்மிட்டின் அமைப்பு முழுவதும் இந்தக் கடினமான இணைப்பை நோக்கியது. அதன் அடிப்படைப் பொதி 96 பைட்டுக்குள் அடங்கும். கட்டுப்பாட்டுக் குறிகளை '#' முன்னொட்டுடன் அச்சிடத்தக்க எழுத்துகளாக மாற்றும்; எட்டாம் பிட் செல்லாத வழியில் '&' முன்னொட்டால் அதனைக் காக்கும். 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதிய எக்ஸ்மோடம் எளிமையானது. ஆனால் எட்டுப் பிட்டும் சிதையாமல் செல்லும் வழி அதற்கு வேண்டும். அத்தகைய வழி இல்லாத இடத்தில் இரண்டின் வேகத்தை ஒப்பிடுவது பொருளற்றது. நீள்பொதியும் சறுக்குச் சாளரமும் பின்னர் சேர்க்கப்பட்டபோது கெர்மிட்டின் வேகக்குறை பெரிதும் நீங்கியது. பழைய பெயர் மட்டும் நீங்கவில்லை.

தமிழ்த் தரவை வைத்து நோக்கினால் இவ்வேறுபாடு தெளிவாகும். திஸ்கி குறியாக்கத்தில் தமிழ் எழுத்துகள் எட்டாம் பிட் கொண்ட பைட்டுகளில் அமைந்தவை. ஏழு பிட் வழியில் கெர்மிட்டின் அடிப்படை முறையில் அனுப்பினால் தமிழ்ப்பகுதி இருமடங்குக்குக் குறையாமல் நீளும். ஆயினும் எழுத்து மாறாது. பாடவேறுபாடு நோக்கும் பதிப்பாளருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டாகாது.

எனினும் கோப்பு சிதையாமல் சேர்வதும் திரையில் சரியாகத் தெரிவதும் ஒன்றல்ல. முனையத் திரை, 1978இல் வந்த விடி100 போல, 80 நெடுவரிசை, 24 வரி கொண்ட கட்டங்களாக அமைந்தது. கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பதே அதன் கணக்கு. திஸ்கியில் 'கொ' கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்படுவதால், தக்க எழுத்துரு இருந்தால் கட்டங்களில் ஓரளவு பொருந்திவிடும். ஒருங்குறியில் அது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டே குறியீடு; அக்குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். கட்டம் கட்டமாக வரையும் மென்பொருளால் இதனைச் செய்ய இயலாது. சுட்டி ஓரிடத்தில் தோன்ற, திருத்தம் வேறிடத்தில் விழும். ஆய்வாளர் பிழையில்லாத மூலத்தைப் பிழை என்று கருதித் திருத்தவும் நேரலாம். ஆகவே 'கொ', 'கௌ', 'ஸ்ரீ' ஆகியவற்றைத் திரையில் இட்டுச் சுட்டியை அவற்றின்மேல் நகர்த்திப் பார்க்கும் சோதனை, ஒப்பீட்டு அட்டவணையில் வேகத்துக்கு முன்னர் இடம்பெறத் தக்கது.